அளவறிந்த கம்பி

நுழையும்முன்

ஒரு செப்புக்கம்பியை எவ்வளவு நீளத்திற்கு வெட்டுவது? கேட்பதற்கு எளிதான வினா. அலையின் இயல்பு, வீட்டுமனையின் அளவு, பேரிடர் நாளின் தேவை ஆகிய மூன்றும் அவ்வினாவுக்குள் அடங்கியுள்ளன. கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்த வேளையிலும் ஊர்விட்டு ஊர் பேச உதவும் ஹாம் வானொலிக்கு அளவறிந்து கட்டிய ஒரு கம்பியே உயிர்நாடி. அக்கம்பியின் நீளத்தை அறியும் வழியையும் அதற்குப் பின்னுள்ள சிந்தனையையும் இப்பாடம் விளக்குகிறது.

கோபுரங்கள் ஓய்ந்த இரவு

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள். தென்சென்னையின் புறநகர்களில் காலை முதல் மழை விடாமல் பெய்தது. மறுநாள் காலையில் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. அடையாறு கரை மீறியது. முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளில் வீடுகளின் கீழ்த்தளங்கள் நீரில் மூழ்கின. மின்சாரம் நிறுத்தப்பட்டது. சிறிது நேரத்தில் கைப்பேசிக் கோபுரங்களின் மின்கலங்களும் தீர்ந்தன. மாடியில் ஒதுங்கி நின்றவர்களின் கைகளில் பேசி இருந்தது, பேச வழியில்லை. அடுத்த தெருவில் இருந்த அண்ணனின் நிலை தம்பிக்குத் தெரியவில்லை. வெளிநாட்டில் இருந்த மகனுக்குத் தாயின் குரல் கேட்கவில்லை.

அந்நாள்களில் சென்னையிலும் பிற ஊர்களிலும் இருந்த ஹாம் வானொலியர் தாமாக முன்வந்து செய்திகளைக் கடத்தினர். உதவி தேவைப்படும் இடங்களைப் பற்றிய விவரங்களை மீட்புப் பணியாளரிடம் சேர்த்தனர். அவர்களுக்குக் கோபுரம் தேவைப்படவில்லை. 12 வோல்ட்டு மின்கலம் ஒன்று, கையளவிலோ பெட்டியளவிலோ ஒரு வானொலிக் கருவி, அதனோடு இணைந்த ஓர் அலைக்கம்பி ஆகியவை போதுமானவையாக இருந்தன. ஆண்டெனா என்று பலரும் அழைக்கும் அந்த அலைக்கம்பிதான் இவற்றுள் விலை குறைந்தது. ஆனால், அளவு தவறினால் மற்ற அனைத்தையும் பயனற்றதாக்கிவிடுவதும் அதுவே.

தாம்பரத்திற்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டித் தன் ஏரியோடு அமைந்திருக்கும் ஊர் பீர்க்கன்கரணை. பேரூராட்சியாக இருந்து, 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. ஏரியும் வயலுமாக இருந்த நிலம் மனைகளாகப் பிரிந்து, வீட்டுக்கு வீடு மதில் எழுந்த புறநகர்களுள் இதுவும் ஒன்று. இத்தகைய ஊரில், ஒரு மனைக்குள் அடங்குமாறு ஓர் அலைக்கம்பியைக் கட்டுவது எப்படி என்பதே இங்கு எழும் வினா.

பட்டத்தில் பறந்த கம்பி

ஹாம் வானொலி என்பது ஊதியத்திற்காகவோ வணிகத்திற்காகவோ அன்றி, கற்கவும் சோதிக்கவும் உதவவும் தனிமனிதர் நடத்தும் வானொலித் தொடர்பு. இந்தியாவில் 12 வயது நிரம்பியோர் ஒன்றிய அரசு நடத்தும் தேர்வில் தேறி இதற்கான உரிமம் பெறலாம். உரிமம் பெற்ற ஒவ்வொருவருக்கும் ‘வி.யு.’ எனத் தொடங்கும் அழைப்புக்குறி வழங்கப்படுகிறது. உலகின் எம்மூலையில் அக்குறி ஒலித்தாலும் பேசுபவர் இந்தியர் என்பதைக் கேட்பவர் அறிந்துகொள்வர்.

வானொலியின் வரலாறே கம்பியின் வரலாறுதான் எனலாம். செருமானிய அறிஞர் ஹெர்ட்ஸ் 1880களின் பிற்பகுதியில் மின்காந்த அலைகளை ஆய்வகத்தில் தோற்றுவித்தபோது, இருபுறமும் நீண்ட உலோகத் தண்டுகளையும் அவற்றின் நடுவே சிறு இடைவெளியையும் அமைத்தார். இன்றைய இருமுனை அலைக்கம்பியின் முன்னோடி அதுவே. 1895இல் கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் மில்லிமீட்டர் அளவேயான நுண்ணலைகளைக் கொண்டு சோதனைகளை நிகழ்த்திக் காட்டினார். அலை சிறிதாக இருந்ததால் அவருடைய கருவிகளும் மேசைமேல் அடங்கும் அளவில் அமைந்தன. 1901 டிசம்பர் 12 அன்று மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்துவந்த குறிப்பொலியைக் கனடா நாட்டின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் கேட்டார். அங்கு அவர் கையாண்ட அலை மிக நீண்டது. ஆகவே ஏறத்தாழ 150 மீட்டர் நீளக் கம்பியைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டார். போஸுக்கு மேசை போதும். மார்க்கோனிக்கு வானமே வேண்டியிருந்தது. அலையின் நீளமே கருவியின் நீளத்தைத் தீர்மானித்தது.

சென்னையும் இவ்வரலாற்றில் பின்தங்கவில்லை. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரின் முயற்சியால் 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. ஆர்வலர்கள் கூடி அமைத்த அக்கழகம் அவ்வாண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருள் வசதியின்மையால் 1927இல் அது நின்றது. அதன் ஒலிபரப்பியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பைத் தொடர்ந்து நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இல் தொடங்கப்படுவதற்கு முன்பே, ஆர்வலர் கட்டிய கம்பியிலிருந்து பிறந்த ஒலி இந்நகரத்து வீடுகளை எட்டியிருந்தது.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் ஹாம் வானொலியர் தம் குழுவினருடன் அந்தமானுக்குச் சென்றிருந்தார். அத்தீவுகளிலிருந்து உலக வானொலியரோடு பேசுவதே பயணத்தின் நோக்கம். டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியது. போர்ட் பிளேரில் அவர்கள் பொழுதுபோக்கிற்காகக் கட்டியிருந்த அலைக்கம்பிகள் அன்றே மீட்புப் பணிக்குரியவை ஆயின. தீவுகளில் இருந்தோரின் நலச்செய்திகள் அவற்றின் வழியே நாட்டின் பெருநிலப்பகுதியை வந்தடைந்தன. அலை தாக்கியபின் கம்பியின் நீளத்தைக் கணக்கிட அங்கு நேரம் இருந்திருக்காது. முன்பே கட்டி, அளந்து, சரிபார்த்து வைத்திருந்ததே கைகொடுத்தது.

நரம்பும் கம்பியும்

இசைக்கருவியை அறிந்த தமிழ் மரபினருக்கு அலைக்கம்பியின் இயல்பு விளங்குவது கடினமன்று. பேரியாழில் 21 நரம்புகளும் செங்கோட்டியாழில் 7 நரம்புகளும் இருந்தன என்பர். யாழின் நரம்புகள் நீளத்தால் வேறுபட்டன. நீண்ட நரம்பு தாழ்ந்த ஒலியையும் குறுகிய நரம்பு உயர்ந்த ஒலியையும் தந்தது. வீணையிலோ ஒரே தந்தியின் அதிரும் நீளத்தை விரலால் குறைத்துச் சுரங்களை எழுப்புவர். நீளம் பாதியானால் அதிர்வெண் இரு மடங்காகும்.

இரு முனைகளிலும் கட்டப்பட்ட நரம்பு மீட்டப்படும்போது முனைகள் அசைவதில்லை. நடுப்பகுதி மிகுதியாக அசைகிறது. நரம்பின் நீளம் அங்கே அரை அலைநீளத்திற்குச் சமம். அலைக்கம்பியிலும் இதுவே நிகழ்கிறது. கம்பியின் முனைக்கு அப்பால் மின்னோட்டம் செல்ல வழியில்லை. ஆகவே முனைகளில் மின்னோட்டம் சுழியாகவும் நடுவில் பெருமமாகவும் அமைகிறது. அரை அலைநீளக் கம்பியின் நடுவே மின்னாற்றலை ஊட்டினால் கம்பி அதனை எளிதில் ஏற்று அலையாக வெளிவிடுகிறது. இந்நிலை ஒத்ததிர்வு எனப்படும்.

நீளம் பொருந்தாத கம்பிக்கு அனுப்பப்படும் ஆற்றலில் ஒரு பகுதி கருவியை நோக்கித் திரும்புகிறது. சென்ற அலையும் திரும்பிய அலையும் இணைந்து வடத்தில் நிலை அலைகளைத் தோற்றுவிக்கின்றன. இவற்றின் அளவை நிலை அலை வீதம் என்பர். அவ்வீதம் 1 ஆக இருப்பின் பொருத்தம் முழுமையானது. 2க்குள் இருந்தால் பெரும்பாலான கருவிகள் தடையின்றிச் செயல்படும். வீதம் மிகும்போது கருவி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும். காப்பு இல்லாத கருவியோ பழுதடையும்.

கணக்கும் கழிவும்

அலையின் திசைவேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும் என்பது இயற்பியல் கற்போர் அறிந்ததே. மின்காந்த அலை ஒரு நொடியில் ஏறத்தாழ 30 கோடி மீட்டர் செல்கிறது. ஆகவே, 300 என்னும் எண்ணை மெகாஹெர்ட்ஸில் குறிக்கப்பட்ட அதிர்வெண்ணால் வகுக்க, அலைநீளம் மீட்டரில் கிடைத்துவிடும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 42.25 மீட்டர், அதில் பாதி 21.13 மீட்டர்.

ஆயினும் 21.13 மீட்டர் கம்பியைக் கட்டி அளந்தால் அது 7.1 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்வதில்லை. அதற்குக் கீழே ஒத்ததிர்கிறது. கம்பிக்குத் தடிமன் உண்டு. முனைகளில் மின்காப்பிகள் உண்டு. கீழே தரையும் உண்டு. இவற்றால் கம்பி தன் உண்மை நீளத்தைவிடச் சற்று நீண்டதுபோல் நடந்துகொள்கிறது. அதனால் கணக்கில் ஏறத்தாழ 5 விழுக்காடு கழிக்க வேண்டும். நடைமுறையில் 150க்கு மாறாக 142.6 என்னும் எண்ணை அதிர்வெண்ணால் வகுப்பர். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அது 20.1 மீட்டர் தரும். நடுவே பிரித்தால் பக்கத்திற்கு 10 மீட்டருக்குச் சற்று மேல். இவ்வாறே 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு 10 மீட்டரும், 21.2 மெகாஹெர்ட்ஸுக்கு 6.7 மீட்டரும், 28.4 மெகாஹெர்ட்ஸுக்கு 5 மீட்டரும் வேண்டும்.

இக்கணக்கில் ஒரு வியப்பும் உண்டு. நரம்பு தன் அடிப்படை அதிர்வோடு அதன் மும்மடங்கிலும் அதிர வல்லது. அதுபோல, 7 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய கம்பி அதன் மும்மடங்கான 21 மெகாஹெர்ட்ஸ் அளவிலும் மூன்று அரை அலைகளைத் தாங்கி, ஏறத்தாழ ஒத்ததிர்கிறது. ஒரு கம்பி இரு பட்டைகளுக்குப் பயன்படுகிறது.

எல்லாக் கம்பிகளும் அரை அலைநீளம் கொண்டிருக்க வேண்டுமென்பதில்லை. செங்குத்தாக நிற்கும் கம்பிக்குக் கால் அலைநீளம் போதும். தரையோ அதன் கீழ் விரித்த கம்பிகளோ மறுபாதியின் வேலையைச் செய்யும். அருகிலுள்ள ஊர்களோடு பேச உதவும் 145 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 49 செ.மீ. கம்பியே போதுமானது. மிதிவண்டிச் சக்கரத்தின் ஆரக்கம்பிகள் இரண்டை இணைத்தாலே அந்நீளம் கிடைத்துவிடும்.

தெரிந்து தெளிவோம்

ஹாம் வானொலியருக்கெனவே இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் ‘ஹாம்சாட்’ என்னும் சிறு செயற்கைக்கோளை உருவாக்கியது. அது 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-6 ஏவூர்தி மூலம் விண்ணில் செலுத்தப்பட்டது. 145 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அது புவிக்கு அனுப்பிய குரல்களை, முழ நீளத்தைச் சற்றே கடந்த எளிய கம்பிகளைக் கொண்டும் ஆர்வலர்கள் கேட்டனர்.

மனையும் மூலைவிட்டமும்

இனி இக்கணக்கைப் பீர்க்கன்கரணையின் தெருவுக்குக் கொண்டுவரலாம். சென்னைப் புறநகர்களில் மனையைக் கிரவுண்டு என்னும் அளவால் குறிப்பது வழக்கம். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. 40 அடி அகலமும் 60 அடி நீளமும் கொண்ட மனை அதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. 7 மெகாஹெர்ட்ஸ் கம்பிக்குத் தேவையான 20.1 மீட்டர் என்பது 66 அடி. மனையின் நீண்ட பக்கமோ 60 அடிதான். கம்பி மதிலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் 6 அடி சென்றுவிடும். இடமில்லை எனக் கூறி முயற்சியைக் கைவிடுவோர் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் கைவிடுகின்றனர்.

ஆனால், மனைக்கு நீளமும் அகலமும் மட்டும்தானா இருக்கின்றன? மூலைவிட்டமும் உண்டு. 40இன் வர்க்கம் 1600. 60இன் வர்க்கம் 3600. இரண்டின் கூடுதல் 5200. அதன் வர்க்கமூலம் 72க்குச் சற்று மேல். 72 அடி மூலைவிட்டத்தில் 66 அடிக் கம்பி அமைந்த பின்னும் 6 அடி எஞ்சுகிறது. பக்கத்திற்கு 3 அடி என அது கயிற்றுக்கும் மின்காப்பிக்கும் சரியாகிவிடுகிறது. எட்டாம் வகுப்பில் கற்ற பிதாகரசு தேற்றம் இங்கே ஒரு வீட்டுக்கு வானத்தைத் திறந்துவிடுகிறது.

அரைக் கிரவுண்டு மனையில் என்ன செய்வது? 30 அடிக்கு 40 அடி மனையின் மூலைவிட்டம் 50 அடி. கம்பியின் நடுப்பகுதி 46 அடி நேராகச் செல்ல, இருபுறமும் 10 அடி முனைகளைச் செங்குத்தாகத் தொங்கவிடலாம். மின்னோட்டம் நடுப்பகுதியில்தான் மிகுதி என்பதால் அலையை வெளிவிடும் பணியின் பெரும்பங்கை அதுவே செய்துவிடுகிறது. முனைகள் வளைவதால் ஏற்படும் இழப்பு சிறிதே. நடுவில் ஒரே கம்பத்தை நட்டு இருபுறமும் கூரைபோலச் சரித்துக் கட்டுவதும் உண்டு. எம்முறையாயினும் தொங்கும் முனைகள் ஆள்கை எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். பேசும்போது முனைகளில் மின்னழுத்தம் மிகும், தொட்டால் சுடும்.

உயரம் குறைவாயிற்றே என்று வருந்துவோர்க்கு இயற்கை ஓர் ஆறுதலைத் தருகிறது. ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்தில் கட்டிய 7 மெகாஹெர்ட்ஸ் கம்பி தன் ஆற்றலில் பெரும்பகுதியை மேல்நோக்கி அனுப்புகிறது. அது அயனிமண்டலத்தில் எதிரொளிக்கப்பட்டு, குடைபோல விரிந்து சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் இறங்குகிறது. பகல்வேளையில் பீர்க்கன்கரணையிலிருந்து திருச்சியோடும் மதுரையோடும் பேச இது ஏற்றது. தொலைநாடுகளை எட்ட உயர்ந்த கம்பி வேண்டும். தமிழ்நாட்டின் அண்டை மாவட்டங்களை எட்ட ஒரு மாடி வீடும் இரு தென்னைகளுமே போதும். பேரிடர் நாளில் முதலில் தேவைப்படுபவை அண்டை மாவட்டங்களே.

தென்னையில் கட்டுவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். மரம் காற்றில் ஆடும், கம்பியோ நீளாது. இறுக்கிக் கட்டிய கம்பி முதல் புயலிலேயே அறும். ஒரு முனையின் கயிற்றைக் கப்பியில் செலுத்தி, அதன் நுனியில் எடையொன்றைத் தொங்கவிட்டால், மரம் வளையும்போது எடை ஏறும், நிமிரும்போது இறங்கும். கிணற்றடியில் பயன்பட்ட கப்பி வானொலிக்கும் பயன்படுகிறது.

தவிர்க்க வேண்டிய நீளங்கள்

ஒரு பட்டைக்கு ஒரு கம்பி என்றால் நான்கு பட்டைகளுக்கு நான்கு கம்பிகள் வேண்டும். அதற்கு இடமில்லாதோர் ஒரே கம்பியை ஒரு முனையில் ஊட்டிப் பல பட்டைகளுக்குப் பயன்படுத்துவர். இதனை எந்நீளக் கம்பி என்பர். பெயர் அவ்வாறு இருந்தாலும் எந்த நீளமும் ஏற்றதன்று. இங்கு வினா திசைமாறுகிறது. எந்நீளம் பொருந்தும் என்று தேடுவதைவிட, எந்நீளங்கள் பொருந்தா என அறிந்து விலக்குவதே வழி.

காரணம் இதுதான். அரை அலைநீளக் கம்பியின் நடுவே மின்மறுப்பு மிகக் குறைவு. அதன் முனையிலோ ஆயிரக்கணக்கான ஓம் அளவுக்கு உயர்ந்துவிடும். கருவிகள் எதிர்பார்ப்பது 50 ஓம். ஒன்பதுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் மின்மறுப்பை இறக்கித் தரும் சிறு மின்மாற்றியை முனையில் இணைத்தாலும், அத்துணை பெரிய மின்மறுப்பை அதனால் சமாளிக்க இயலாது. ஆகவே, பேச விரும்பும் எப்பட்டையிலும் கம்பி அரை அலைநீளமாகவோ அதன் மடங்காகவோ அமைந்துவிடக் கூடாது.

7, 14, 21, 28 ஆகிய நான்கு பட்டைகளை எடுத்துக்கொண்டால் தவிர்க்க வேண்டிய நீளங்கள் ஏறத்தாழ 5, 6.7, 10, 13.5, 15, 20 மீட்டர் என வரிசையாக நிற்கும். இவற்றை ஒரு கோட்டில் குறித்துப் பார்த்தால் 15க்கும் 20க்கும் இடையே ஓர் அகன்ற வெளி தெரியும். அதன் நடுவே நிற்பது ஏறத்தாழ 17.7 மீட்டர், அதாவது 58 அடி. வானொலியர் பலகாலமாகக் கையாண்டுவரும் நீளங்களுள் இதுவும் ஒன்று. ஒரு கிரவுண்டு மனையின் 60 அடிப் பக்கத்தில் மதிலைத் தாண்டாமல் அது அடங்கிவிடுகிறது. மூலைவிட்டத்தில் 66 அடி. பக்கவாட்டில் 58 அடி. ஒரே மனை இரு விடைகளைத் தருகிறது.

இவ்விரண்டுள் எது சிறந்தது? ஒரு பட்டையில் திறம்படப் பேச விரும்புவோர்க்கு நடுவே ஊட்டிய 66 அடிக் கம்பி. பல பட்டைகளில் பேச விரும்புவோர்க்கு 58 அடிக் கம்பி. பின்னதற்குத் தரையில் விரித்த எதிர்க்கம்பியும், கருவியோடு கம்பியை இசைவிக்கும் டியூனரும் கூடுதலாக வேண்டும். சிறிது ஆற்றல் வெப்பமாக வீணாகவும் செய்யும். எளிமைக்கும் பன்மைக்கும் ஒரு விலை உண்டு. அதை அறிந்து தேர்வதே தேர்ச்சி.

கூட்டி வெட்டுதல்

கணக்கு முடிந்தது, இனி வெட்ட வேண்டும். இங்கேதான் பொறுமை தேவைப்படுகிறது. வளரும் பிள்ளைக்குச் சட்டை தைக்கும் தையற்கலைஞர் உள்மடிப்பில் துணியைச் சற்று விட்டே தைப்பார். நிலைக்குக் கதவு செய்யும் தச்சர் இழைப்பதற்கு இடம் விட்டே மரத்தை அறுப்பார். கம்பி கட்டுவோரும் அவ்வாறே கணக்கில் வந்த நீளத்தைவிடச் சிறிது கூட்டியே வெட்டுவர். நீண்ட கம்பியைக் குறைப்பது எளிது, குறைந்த கம்பியை ஒட்டுப்போட்டு நீட்டினால் ஒட்டில் துரு ஏறும், இழுவிசையில் அறும்.

வீட்டு மின்னிணைப்புக்கான நெகிழியுறைக் கம்பியைப் பயன்படுத்தினால், உறையின் காரணமாக நீளம் மேலும் சில விழுக்காடு குறையும். மாடித்தளத்தின் காங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளும், அருகிலுள்ள தகரக் கூரையும், தரையின் ஈரமும்கூட அலைக்கம்பியின் இயல்பை மாற்றும். எந்த வாய்பாடும் இவை அனைத்தையும் அறியாது. எனவே, ஒரே நீளக் கம்பி ஒரு தெருவில் ஒருவகையாகவும் அடுத்த தெருவில் வேறு வகையாகவும் ஒத்ததிரலாம்.

ஓர் எடுத்துக்காட்டு: 7.1 மெகாஹெர்ட்ஸுக்காக மொத்தம் 20.7 மீட்டர் கம்பி கட்டப்படுகிறது. நிலை அலை வீதத்தை அளக்கும் கருவி, 6.9 மெகாஹெர்ட்ஸில் வீதம் மிகக் குறைவு எனக் காட்டுகிறது. கம்பி வேண்டியதைவிட நீளம் என்பது இதன் பொருள். 20.7ஐ 6.9ஆல் பெருக்கி 7.1ஆல் வகுத்தால் 20.12 மீட்டர் வருகிறது. குறைக்க வேண்டியது 58 செ.மீ.; பக்கத்திற்கு 29 செ.மீ. அனுபவம் மிக்கோர் அதையும் உடனே வெட்டுவதில்லை. மிகுதியைப் பின்னோக்கி மடித்துக் கம்பியோடு நெருக்கமாக முறுக்கிவிட்டு மீண்டும் அளப்பர். சரியாக அமைந்தபின் அம்மடிப்பை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. இரு பக்கங்களும் சமமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். செய்ததைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

கணக்கு கம்பியின் அருகில் கொண்டுபோய் நிறுத்தும். அளவீடுதான் கம்பியைச் சரியான இடத்திற்குக் கொண்டுசேர்க்கும். கணக்கிடாமல் வெட்டுவோர் கம்பியை வீணாக்குவர். அளக்காமல் கணக்கை மட்டும் நம்புவோர், தம் குரல் சென்றடைந்ததா என்று அறியாமலேயே பேசிக்கொண்டிருப்பர்.

காப்பும் கடமையும்

கம்பி கட்டும் ஆர்வத்தில் காப்பு மறக்கப்படக் கூடாது. மின்வாரியக் கம்பிகளுக்கு மேலேயோ கீழேயோ அருகிலேயோ அலைக்கம்பியைக் கட்டுவது உயிருக்கே உலை வைக்கும். தாம்பரம் – செங்கல்பட்டு இருப்புப்பாதையின் மேல் செல்லும் மின்கம்பிகள் 25,000 வோல்ட்டு கொண்டவை. அவ்வழியை ஒட்டிய வீடுகளில் இருப்போர் மும்மடங்கு விழிப்புடன் இருக்க வேண்டும். கம்பியோ அதைத் தாங்கும் கம்பமோ எத்திசையில் விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தொலைவு வேண்டும். வடகிழக்குப் பருவமழையின்போது இடி முழங்கத் தொடங்கும் முன்பே கருவியிலிருந்து வடத்தைக் கழற்றிவிட வேண்டும். அண்டை வீட்டாரின் எல்லைக்குள் கம்பி செல்லாமலும், அவர்தம் கருவிகளுக்கு இடையூறு நேராமலும் பார்த்துக்கொள்வது வானொலியரின் கடமை. உரிமம் இன்றி ஒலிபரப்புவது குற்றம்; எனினும் உரிமம் பெறும்வரை கேட்டுப் பழகலாம், கணக்கிட்டுப் பழகலாம், கம்பி கட்டிப் பழகலாம்.

ஆண்டுதோறும் அக்டோபரில் பருவமழை தொடங்குகிறது. ஏரிக்கரைகளை வலுப்படுத்துவதும் வடிகால்களைத் தூர்வாருவதும் அதற்கு முன்பே செய்ய வேண்டிய பணிகள். மாடியிலிருக்கும் அலைக்கம்பியை இறக்கி, முடிச்சுகளைச் சோதித்து, துருவைச் சுரண்டி, மீண்டும் அளந்து ஏற்றுவதும் அத்தகைய பணியே. புயல் வீசும் இரவில் கைவிளக்கின் ஒளியில் கணக்குப் போட இயலாது. வெயில் காயும் நாளில், ஓய்வான பிற்பகலில், அளவுநாடாவும் குறிப்பேடுமாக மாடியில் நிற்கும் ஓர் இளைஞரைத் தெருவில் செல்வோர் விந்தையாகப் பார்க்கலாம். அவர் முடிச்சிடும் 66 அடிக் கம்பியின் விலை சில நூறு உரூபாய்தான். கோபுரங்கள் ஓய்ந்த இரவில், “தாத்தா நலமாக இருக்கிறார்; மாடியில் இருக்கிறார்; படகு அனுப்புங்கள்” என்னும் செய்தி செல்லும் வழி அதுவாக இருக்கக்கூடும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டின் அல்லது பள்ளி வளாகத்தின் ஒரு பகுதியை அளந்து அதன் மூலைவிட்டத்தைக் கணக்கிடுக. 14.2 மெகாஹெர்ட்ஸுக்கான அரை அலைநீளக் கம்பி அதனுள் அடங்குமா எனக் காரணத்துடன் எழுதுக.

2. 10.4 மீட்டர் நீளமுள்ள கம்பி 13.8 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்கிறது. அதனை 14.2 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுவர ஒவ்வொரு பக்கத்திலும் எவ்வளவு குறைக்க வேண்டும்?

3. ‘கணக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தும், அளவீடு கொண்டுசேர்க்கும்’ – இக்கருத்து பொருந்தும் வேறொரு தொழிலைத் தேர்ந்தெடுத்து, அத்தொழில் செய்பவரைக் கண்டு உரையாடி ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.

4. உங்கள் ஊரில் பேரிடர்க் காலத்தில் செய்தித்தொடர்பு தடைப்பட்டால் மேற்கொள்ள வேண்டிய மாற்று வழிகள் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.